நூறு மில்லிசெகண்டுக்குள் ஒரு தெரு

1

மனிதகுலத்தின் வரலாறு என்பது காத்திருத்தலின் வரலாறு. நெருப்புக்காகக் காத்திருந்தான், மழைக்காகக் காத்திருந்தான், விடுதலைக்காகக் காத்திருந்தான். இன்று, ஒளியின் முதுகில் ஏறி வரும் ஒரு சொல்லுக்காக அவன்—

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மோடத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டது. அது சிவப்பாகவே இருந்த பதினேழு நிமிடங்களில் வேறு வேலை இல்லாமல் எழுதியது மேலே இருப்பது. மனிதகுலத்தின் மேல் எனக்குத் தனியாக அக்கறை எதுவும் கிடையாது.

கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகை ‘தொழில்நுட்பமும் மனிதமும்’ என்று சிறப்பிதழ் போடுகிறது. ஆசிரியர் போனில் கூப்பிட்டு, “மனிதம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும் சார், தொழில்நுட்பம் ஒரு சிட்டிகை போதும்” என்றார். சாம்பார்ப்பொடிக்குப் பக்குவம் சொல்வதுபோல் இருந்தது. என்னிடம் இருந்ததோ நேர்மாறான சரக்கு: எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஷெர்லின், ஒரு தாளில் எழுதி வைத்திருந்த எண்கள். இடப்பக்கம் ‘போன்’ என்று தலைப்பு, வலப்பக்கம் ‘கேபிள்’. இரண்டுக்கும் கீழே மில்லிசெகண்டுகள். அதில் மனிதம் எங்கே இருக்கிறது என்று இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. ஆகவே கதையாக எழுதத் தீர்மானித்தேன்.

2

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் மேலகரத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் எங்கள் தெரு. இருபத்திரண்டு வீடுகள். சீசன் மாதங்களில் பாதி வீடுகளின் மாடியை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவோம். ஆகவே ஜூலை மாதத்தில் தெருவின் ஜனத்தொகை எங்களுக்கே தெரியாது.

ஃபைபர் வருகிறது, வருகிறது என்று மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். இதுவரை அதற்கான குழி மட்டும் வந்திருக்கிறது. அதுவரைக்கும் இணையம் எங்களுக்கு இரண்டு வழியாக வரும். பழைய தொலைபேசிக் கம்பி ஒன்று. கேபிள் டி.வி. வயர் இன்னொன்று.

எட்டாம் நம்பர் வீட்டில் ஷெர்லின். இருபத்தேழு வயது. அவள் தாய் ரூபியக்கா கேரளத்துப் புனலூரில் பிறந்தவர். அதனால் மகளுக்கு மலையாளமும் தமிழ்போலவே வரும். சென்னை நிறுவனம் ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. மருத்துவமனைகளுக்குப் போனில் மொழிபெயர்க்கிற வேலை. டாக்டர் மலையாளத்தில் கேட்பார், நோயாளி தமிழில் சொல்வார், நடுவில் ஷெர்லின். வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஆனால் அதற்கு முன் வீட்டு இணைப்பு ஒரு மணி நேரச் சோதனையில் தேற வேண்டும். வயரில் வருகிற இணைப்பாக இருக்க வேண்டும், கைபேசி ஹாட்ஸ்பாட் ஆகாது. தாமதம் நூறு மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது. இரண்டு முறை தாண்டினால் மன்னிப்பார்கள். மூன்றாவது முறை தாண்டினால் வீடு கிடையாது, சென்னைக்கு வந்து அலுவலகத்தில் உட்கார வேண்டும். சோதனைக்கு இரண்டே வாய்ப்பு. ஒரு புதன்கிழமை, அதே வாரம் வெள்ளிக்கிழமை. இரண்டும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை.

(நூறு மில்லிசெகண்ட் என்றால் எவ்வளவு என்று நானும் கேட்டேன். “நீங்க ஒருதரம் கண்ணச் சிமிட்டுததுக்குள்ள போயிரும் சார்” என்றாள். சிமிட்டிப் பார்த்தேன். போயிருந்தது.)

3

இது கட்டுரைப் பகுதி. அவசரமாகப் படிக்கிறவர்கள் நான்காம் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் அங்கே ஒன்றும் புரியாது.

வேகம் வேறு, தாமதம் வேறு. ஐந்தருவியில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் கொட்டுகிறது என்பது வேகம். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லும்” என்று நீங்கள் சொல்வதற்கும், தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிற அண்ணாச்சி தள்ளி நிற்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான் தாமதம். தண்ணீர் எவ்வளவு கொட்டினாலும் அது குறையாது. சினிமா பார்க்கிறவனுக்கு முதலாவது போதும். பேசுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் எல்லாம்.

ஷெர்லின் தன் பயிற்சி வகுப்பில் கேட்ட சம்பவத்தை வீட்டில் வைத்துச் சொன்னாள்.

“டாக்டர் ‘காப்பி குடிச்சீங்களா’ன்னு கேக்காரு. பதில் வரல. லைன் இழுக்குது. சரின்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு, ‘ஆப்பரேசனுக்குச் சம்மதமா?’ அப்பம்தான் மொதக் கேள்விக்குப் பதில் வந்து சேருது. ‘ஆமா டாக்டர்.’”

“கர்த்தாவே” என்றார் ரூபியக்கா. “கத்திய எடுத்துட்டாரா?”

“எடுக்கலன்னுதாம்மா வகுப்புல சொல்லுதாங்க.”

4

இரண்டு வழிகளுக்கும் தனித்தனிக் காவலர்கள் இருந்தார்கள். தொலைபேசிக் கம்பிக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனதளவில் இன்னும் கம்பத்திலிருந்து இறங்காதவர். கேபிளுக்கு மாரிராஜ், ‘சாரல் விஷன்’ என்கிற உள்ளூர் கேபிளின் உரிமையாளர், தொழில்நுட்ப இயக்குநர், வசூல்காரர். இந்த மூன்றும் அவருடைய விசிட்டிங் கார்டில் தனித்தனி வரியாக இருக்கும்.

ரூபியக்கா வீட்டு முன்னறையில் இருவரும் ஷெர்லினின் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். போன் பக்கத்தில் 58, 57, 58, 59, 58. கேபிள் பக்கத்தில் காலையில் 19, 21; மாலையில் 140, 260, 310.

“பாத்தியா?” என்றார் சுடலைமுத்து. “ஏலே மாரி, என் கம்பி வீட்டுக்கு ஒண்ணு. எக்சேஞ்சுல இருந்து நேரா இவ வீடு. வேற ஒருத்தன் கை வைக்க முடியாது. ஒன் கேபிளு ஒத்த எலையில தெருவே ஒக்காந்து சாப்புடுத மாதிரி.”

“காலைல பத்தொம்பது இருக்குல்லா அண்ணாச்சி. உம்ம கம்பி பொறந்ததுல இருந்து அம்பத்தெட்டு. மோடம் வார சேதியெல்லாம் பெறக்கி, அடுக்கி, தப்பு இருக்கான்னு பாத்துத்தான் விடும். கெவருமெண்டு ஆபீசு மாதிரி.”

“நிதானம்லே அது.”

“சாரல் அடிச்சா அந்த நிதானமும் போயிருமே. உம்ம கம்பிக்குத்தான் ஜலதோசம் புடிக்கும்.”

அது உண்மைதான். கம்பிகளை முறுக்கி இணைத்த இடத்தில் ஈரம் இறங்கினால் போன் வழி இரைச்சலெடுத்து நின்றுவிடும். அதற்குச் சுடலைமுத்துவின் மருந்து, நேந்திரம் சிப்ஸ் வந்த பாலிதீன் கவர். எங்கள் தெருக் கம்பங்களில் காக்கைக்கூடுபோல் தொங்குபவையெல்லாம் அவை.

“ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் போடுங்க” என்றாள் ஷெர்லின். “நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் சாரல் அடிக்குமா அடிக்காதா? அத மட்டும் சொல்லுங்க.”

அந்தக் கேள்வியில்தான் குற்றாலம் இருக்கிறது. சாரல் அடித்தால் போன் கம்பி படுத்துவிடும். சாரல் அடித்தால் அருவியில் தண்ணீர் விழும். தண்ணீர் விழுந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் மாடிகளெல்லாம் நிரம்பி, அத்தனை பேரும் ஒரே கேபிளில் தொங்குவார்கள். சாரல் அடிக்காவிட்டால் ஐம்பத்தெட்டு. ஷெர்லின் தேறிவிடுவாள், எனக்குக் கதை இல்லை.

அந்த ஜூலையில் நல்ல சாரல்.

5

இங்கே கதாநாயகியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏன் இவள் சென்னைக்குப் போகக் கூடாது? முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

நோயுற்ற தாயின் தலைமாட்டில் அமர்ந்திருந்த ஷெர்லினின் கண்களில் ஒரு—

கண்களில் எதுவும் இல்லை. கண்ணாடி போட்டிருந்தாள். பிரதியை ரூபியக்காவிடம் படித்துக் காட்டியது என் தவறு.

“யாருக்கு சார் நோய்?” என்றார். “போன வாரம்கூட செண்பகாதேவி அருவி வரைக்கும் நடந்துட்டு வந்தேன். நீங்க கூட வந்து பாதியில ஒக்காந்துட்டீங்க.”

நோயை அடித்தேன். அடுத்து ஒரு காதலனை வைத்தேன். “அவன் என்ன வேல பாக்கான்?” என்று ஷெர்லின் அக்கறையோடு விசாரித்தாள். நான் யோசித்திருக்கவில்லை. அவனையும் அடித்தேன்.

“அப்படியென்றால் காரணம்தான் என்ன?” என்று கேட்டேன்.

“நாலு வருசம் சென்னையில இருந்தேன் சார். ஒரு ரூம்ல ஆறு பேரு. குளிக்க டோக்கன். எனக்கு இங்கன இருக்கப் புடிச்சிருக்கு, அங்கன போகப் புடிக்கல. அது போதாதா?”

கதைக்குப் போதாது என்றேன்.

“எனக்குப் போதும்” என்றாள்.

ஆசிரியருக்கு இதில் திருப்தி இல்லை. காதலனையாவது திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

6

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் கம்பி போயிற்று. சுடலைமுத்து மூன்று சிப்ஸ் கவரோடு கம்பத்தில் ஏறி, நனைந்து, இறங்கினார். ஆக, கேபிள்.

சாரல் விஷனுக்குச் சொந்தமாக ஒரு சேனல் உண்டு. அதில் நாள் முழுக்க அருவி நிலவரமும் பழைய பாட்டும் ஓடும். திரையின் அடியில் ஒரு வரி நகர்ந்துகொண்டே இருக்கும். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, இரங்கல், காணாமல்போன ஆடு எல்லாம் அதில்தான். எங்கள் பகுதியில் ஒரு விஷயம் அந்த வரியில் ஓடினால்தான் நடந்ததாகக் கணக்கு. புதன்கிழமை மதியத்திலிருந்து இப்படி ஓடியது:

‘எட்டாம் நம்பர் வீட்டு செல்வி ஷெர்லின் இன்று மாலை 4 மணிக்கு இன்டர்நெட் தேர்வு எழுதுகிறார். வெற்றி பெற வாழ்த்துகிறது சாரல் விஷன். லைன் நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டாரும் பார்த்துச் சொல்லி உதவவும்.’

தெரு உதவியது. நான்கு மணி அடித்ததும் இருபத்தோரு வீடுகளிலும் ஸ்பீடு டெஸ்டை ஓடவிட்டார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஸ்பீடு டெஸ்ட் என்பது இணைப்பில் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க, கொள்கிற அளவுக்கும் அதை நிரப்பிப் பார்ப்பது. ஒரு கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிய இருபத்தோரு பேர் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டார்கள்.

“ரூபியக்கா, எங்க வீட்டுல நாப்பது காட்டுது!” என்று ஜன்னலில் ஒரு குரல். “எங்களுக்கு இருவது!” என்று வாசலில் ஒரு குரல். “நமக்கு ஏழுதான் வருது, மாரிராஜ வரச் சொல்லுங்க. பிள்ள பரீட்ச எழுதுதா, வெளையாட்டா?”

உள்ளே ஷெர்லினின் திரையில் 290. பிறகு 412. பிறகு 388. நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு அவள் மடிக்கணினியை மூடினாள்.

மாரிராஜ் தலையைச் சொறிந்தார். “பாப்பா, எல்லாரும் ஒரு அன்புல செஞ்சிட்டாவ.”

“தெரியுதுண்ணே. வெள்ளிக்கெழம அத மட்டும் கொறச்சுக்கிடச் சொல்லுங்க.”

7

வெள்ளிக்கிழமையும் சாரல். புதன்கிழமை போன போன் கம்பி இன்னும் திரும்பவில்லை. இது கடைசி வாய்ப்பு.

சேனலில் ஓடிய வரி: ‘இன்று மாலை 4 முதல் 5 வரை யாரும் இன்டர்நெட் பார்க்க வேண்டாம். யாரும் எதையும் சோதிக்க வேண்டாம். அன்பு காட்ட வேண்டாம்.’ கடைசி மூன்று சொற்களை ஷெர்லின் சொல்லச் சொல்ல மாரிராஜ் அடித்திருக்கிறார்.

மாடிகளில் தங்கியிருந்தவர்களின் ரவுட்டர்களை அவர் மூன்றரை மணிக்கே கழற்றி ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டார். குரங்கு வயரை அத்துவிட்டதாக அவர்களிடம் சொன்னார். நம்பினார்கள், குற்றாலத்தில் குரங்கைச் சொன்னால் யாரும் சாட்சி கேட்பதில்லை.

(அப்படியே தெரு முழுக்கக் கழற்றியிருக்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: மாரிராஜும் அதைத்தான் சொன்னார். “நம்ம தெருக்காரங்களையே நம்பலைன்னா எப்பிடி?” என்றார் ரூபியக்கா. சாக்குப்பை அத்துடன் கட்டப்பட்டது.)

கழற்றுவதற்குப் பதிலாக ரூபியக்கா ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனார். என் வீட்டுக்கும் வந்தார். நான் கொஞ்சம் பேசினேன். ஒரு தெருவே ஒரு பெண்ணுக்காக ஒரு மணி நேரம் மௌனம் காப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றேன். சமூகம் என்பதே இதுதான் என்றேன்.

“மௌனமெல்லாம் வேண்டாம் சார்” என்றார். “வைஃபைய அணைச்சிருங்க, போதும்.”

இனி வருவது ரூபியக்கா சொன்னது. நான் அந்த அறையில் இல்லை.

நான்கு மணி. 20, 22, 21. ஷெர்லின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். 21, 20. நான்கு பதினேழுக்கு 131. முதல் மன்னிப்பு போயிற்று. பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்காரியின் கைபேசி, தானாகவே போட்டோக்களை எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சுடுசோற்றுப் பானைபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். தூரம் போனால் நின்றுவிடும் என்பது அவள் கணக்கு. நின்றும்விட்டது.

நான்கு முப்பத்து மூன்றுக்கு 118. இரண்டாவது. இது நிஜமாகவே குரங்கு. கேபிளில் ஊஞ்சலாடியது. அதைத் தொரட்டியால் விரட்டியவர் சுடலைமுத்து. சாரலில் நனைந்துகொண்டு, ஒரு கம்பத்தடியிலிருந்து அடுத்த கம்பத்தடிக்கு, எதிரியின் வயருக்குக் காவல் நடந்திருக்கிறார். “இது கேபிளுக்காக இல்ல, பிள்ளைக்காக” என்று மாரிராஜிடம் மூன்று தரம் சொன்னாராம்.

நான்கு நாற்பது. 21. நான்கு நாற்பத்தைந்து. 20. நான்கு ஐம்பதுக்கு ரூபியக்கா அடுப்பில் பால் வைத்தார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு 344.

சோதனைப் பக்கம் தானே மூடிக்கொண்டது.

“முடிஞ்சிட்டும்மா.”

“இன்னும் எட்டு நிமிசம் கெடக்கேட்டி?”

“அது கெடக்கும்” என்றாள் ஷெர்லின். எழுந்துபோய்ப் பாலை இறக்கினாள்.

8

ஞாயிற்றுக்கிழமை மாலை தென்காசி ரயில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். ரூபியக்கா இட்லிப் பொட்டலத்தைப் பையின் மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்தார். சுடலைமுத்துவும் மாரிராஜும் ஆளுக்கொரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு, 344-க்குக் காரணம் கேபிளின் குணமா தெருவின் குணமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ஷெர்லின் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

“சார், இத எழுதப் போறீங்கன்னு அம்மா சொன்னா. என்னையச் சோகமா ஆக்கிராதீங்க.”

“மாட்டேன்.”

“ஒண்ணே ஒண்ணு. நாலு அம்பத்திரண்டுக்கு யாருன்னு மட்டும் எழுதிருங்க. சண்டைக்கு இல்ல. எனக்குத் தெரிஞ்சுக்கிடணும், அவ்வளவுதான்.”

புனைவின் உண்மை என்பது நிகழ்ந்ததைச் சொல்வதில் இல்லை, நிகழக்கூடியதை நோக்கி அது—

“சரி சார், டிரெயினு வந்துட்டு” என்றாள்.

ஆகவே முடிவு. என் கையில் மூன்று இருக்கின்றன.

குரங்கை வைக்கலாம். இரண்டாவது குரங்கு, முதல் குரங்கின் துணை. காட்டை மனிதன் எடுத்துக்கொண்டதற்கு அவை கேபிளை எடுத்துக்கொள்கின்றன என்று ஒரு வரி சேர்த்தால் சூழலியல் கதை ஆகிவிடும். ஆசிரியர் இதைத்தான் விரும்புகிறார். படம் போட வசதி என்கிறார்.

சாரலை வைக்கலாம். மலையிலிருந்து இறங்கிய மேகம் ஒரு பெண்ணின் எதிர்காலத்தை நனைத்தது என்று முடிக்கலாம். ஆனால் சாரலுக்குத் தன் கேபிள் கெடாது என்று மாரிராஜ் கையெழுத்துப் போட்டுத் தரத் தயாராக இருக்கிறார்.

மாடியில் தங்கியிருந்த யாரோ ஒருவர், சாக்குப்பைக்குத் தப்பிய ஒரு ரவுட்டர். முகமில்லாத மனிதன். இதில் நவீனத்துவம் இருக்கிறது. ஆனால் பையில் ரவுட்டர்களை எண்ணிப் பார்த்தோம், ஒன்றுகூடக் குறையவில்லை.

வாசகர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், நாலாவதாக ஒன்றை எழுதிச் சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. தேவைப்பட்டால் பயன்படட்டும் என்று ஒரு தகவலை மட்டும் தருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கு ஐம்பத்தொன்றுக்கு நான் வைஃபையைப் போட்டு ஒரு வீடியோவை ஏற்றத் தொடங்கினேன். பழைய குற்றால அருவியில் நான் குளிக்கிற வீடியோ. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருப்பேன். ஐந்து மணிக்கு முன்னால் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். இதுவரை பதினொரு லைக் விழுந்திருக்கிறது. ஒன்று ஷெர்லின் போட்டது. ஒன்று நானே போட்டது.